உஸ்தாதோட முறை

எங்க ஊரு முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துல ஒரு பழக்கம் உண்டு. ஜனவரி இருவத்தாறு கொடியேத்துறப்ப வரிசைக்கு முன்னால நின்னு கமாண்டு குடுக்கறது பெரிய ரேங்க்ல இருந்தவரு இல்ல. அந்த வருஷம் யாருக்கு எழுபத்தஞ்சு முடியுதோ அவருதான். பட்டாளத்துல சமைச்சுப் போட்டவரா இருக்கட்டும், முடி வெட்டினவரா இருக்கட்டும், அன்னிக்கு அவரு சொல்றதுதான் சட்டம். நெஞ்சு நெறைய மெடல் குத்தின சுபேதாரு கூட வரிசையில நின்னு, அவரு திரும்புன்னா திரும்பணும். ஆயுசுல ஒரே ஒரு தடவ. மறுபடியும் கெடைக்காது.

எங்க வீட்டுக்காரரு அந்த ஒரு தடவைக்காக எத்தினியோ வருஷமா காத்துக்கிட்டு இருந்தாரு. அவரு பட்டாளத்துல ட்ரைவரு. இருவத்துநாலு வருஷம் பனி மலை மேல லாரி ஓட்டினவரு. அங்க ட்ரைவருங்கள உஸ்தாத்னு கூப்புடுவாங்களாம். ஊருக்கு வந்தப்புறமும் சங்கத்துல அவருக்கு அதே பேரு நின்னுடுச்சு. பேருதான் பெருசு. லாரியத் தவிர வேற எதுக்கும் அவரு கமாண்டு குடுத்ததில்ல. எங்கிட்ட அவரு பாச்சா எப்பவும் பலிச்சதில்ல. நான் ஆம்பூரு ஷூ கம்பெனில அறுவது பொம்பளைங்களுக்கு சூப்பர்வைசரா இருந்தவ, வீட்டுலயும் அதே தோரணதான்னு சங்கத்துல சொல்லிச் சிரிப்பாராம். சொல்லட்டுமே, பொய்யா சொன்னாரு?

சங்கத்து குரூப் போட்டோ எல்லாம் எங்க வீட்டு ஷெல்ஃபுல இருக்குது. எல்லாத்துலயும் அவரு பின் வரிசையில, ஓரத்துல. சிலதுல பாதி மூஞ்சிதான் தெரியும். ஏங்க, முன்னால வந்து நிக்கறதுக்கு இன்னா கேடுன்னு கேட்டா, முன்னால நிக்க எழுபத்தஞ்சு ஆகணும், அதுவரைக்கும் பின்னாலயே நிக்கிறேன்னுவாரு. விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். இல்ல, நெசமாவே நாள எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு.

சங்கம்னா பெரிய மாளிகை ஒண்ணும் இல்ல. பள்ளிகொண்டாவுல இருந்து ஆம்பூரு போற ஹைவேய ஒட்டி, ஏரிக்கரைக்குக் கீழ தகரம் போட்ட ஒரு ரூமு, முன்னால கொடிக்கம்பம், கொஞ்சம் மண் தரை. மாசத்துல மொத ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு நாப்பது பேரும் வந்து வரிசை கட்டுவாங்க. ஒசரமானவரு வலது கைப் பக்கம், குள்ளமானவரு இடது கைப் பக்கம், அதான் பட்டாளத்து முறை. வயசாக ஆக ஆளுங்க குறுகிப் போறாங்க இல்லியா, அங்கதான் சண்டையே. போன வருஷம் நாலாவதா நின்னவரு இந்த வருஷம் ஆறாவதா தள்ளி நிக்கணும்னா ஒத்துக்குவாரா? சங்கத்துக் கதவு நிலையில பென்சில் கோடு போட்டு அளந்துதான் சமாதானம் ஆவாங்க. ஒரு வருஷம் எங்க வீட்டுக்காரரு ஒரு எடம் எறங்கிட்டாரு. ஒரு மாசம் வீட்டுல யாரு கூடவும் சரியா பேசல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவருக்கு மறதி ஆரம்பிச்சுது. மொதல்ல சாவிய கையில வெச்சிக்கிட்டு வண்டி எங்கன்னு தேடுவாரு. வண்டி எதிர்லயே நிக்கும். வயசாச்சுல்லன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாளு மொபெட்ல பள்ளிகொண்டா போனவரு பஸ்ஸுல திரும்பி வந்தாரு. மொபெட்டு ரெங்கநாதரு கோயிலு எதிர்ல ரெண்டு நாளு நின்னுது. ஒரு விடிகாலையில என்னத் தட்டி எழுப்பி, கம்பெனி பஸ்ஸு வந்துரும், இன்னும் தூங்கினா எப்படின்னாரு. நான் கம்பெனிய விட்டு ஒம்பது வருஷம் ஆவுது. வேலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போய் காட்டினோம். டாக்டரம்மா நல்ல மாதிரி பேசினாங்க. இது மெதுவா போற நோய், போனது திரும்பாது, அவரோட சண்ட போடாதீங்கன்னாங்க. சண்ட போடாம நான் எப்படி இருப்பேன்னு அவங்களுக்கு யாரு சொல்றது. பெங்களூர்ல இருக்குற பையனுக்கு மட்டும் சொன்னேன். வேற ஒருத்தருக்கும் வாயத் தொறக்கல.

ஏன்னா சங்கத்துல இன்னொரு விதியும் உண்டு. முறை வந்தவருக்கு ஒடம்பு முடியலன்னா, முறை அடுத்தவருக்குப் போய்டும். அவருக்கு முறை வர்ற வருஷம் எழுபத்தஞ்சு முடியறவங்க ரெண்டு பேரு. ஒண்ணு எங்க வீட்டுக்காரரு, இன்னொண்ணு அவருக்கு ரெண்டு மாசம் இளையவரான சங்கத்துச் செயலாளரு. செயலாளரு பட்டாளத்துல கிளார்க்கா இருந்தவரு. எங்க வீட்டுக்காரரு கமாண்டு குடுத்தா அவரு அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். நெஞ்சப் பொளந்து ஆபரேஷன் பண்ண மனுஷன் அவரு. அவரோட அடுத்த வருஷத்துக்கு யாரு உத்தரவாதம்? எனக்கு அது தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் மறைச்சேன்.

டிசம்பர்ல ஒரு நாளு செயலாளரு எங்க வீட்டுக்கு வந்தாரு. பட்டாளத்துப் பழக்கத்துல என்ன அவங்க எல்லாம் பாபின்னுதான் கூப்புடுவாங்க, அண்ணின்னு அர்த்தம். உஸ்தாத் எப்படி இருக்காரு பாபின்னு மெதுவா கேட்டாரு. கண்ணு என் கண்ணுல நிக்கல. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. நல்லாத்தான் இருக்காரு, உங்களுக்கு இன்னா அவ்ளோ அவசரம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி கேட்டுட்டேன். மனுஷன் காப்பியக் குடிச்சாரு, டம்ளர அவரே கொண்டு போய் தொட்டியில வெச்சாரு, போய்ட்டாரு. என் வாய வெச்சிக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

அன்னில இருந்து அவருக்குக் கமாண்டு பழகிக் குடுக்க ஆரம்பிச்சேன். மார்கழி மாசம். விடியறதுக்கு முன்னால ரெண்டு பேரும் மாடிக்குப் போவோம். பனி அப்படி எறங்கியிருக்கும். மலை இருக்காது, ஏரி இருக்காது, பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்கு பாதிதான் இருக்கும். காத்து ஆம்பூரு பக்கமிருந்து வந்தா தோலு வாசன லேசா வரும். நான் அவரோட பழைய பட்டாளத்து ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு, தலையில துண்டு சுத்திக்கிட்டு, இந்த ஓரத்துல நிப்பேன். அவரு அந்த ஓரத்துல. நடுவுல வெள்ளையா பனி. எனக்கு அவரு காலும் கையும்தான் மங்கலா தெரியும். அந்த வெள்ளைக்குள்ள இருந்து கொரலு மட்டும் முழுசா வரும்.

"பரேட், சாவ்தான்."

சாவ்தான்னா வெறைப்பா நிக்கணும். விஸ்ராம்னா கால அகட்டி நிக்கலாம். கடைசியில லைன் தோட்னு சொன்னாதான் கலைஞ்சு போலாம். அது சொல்ற வரைக்கும் ஒருத்தரும் நகரக்கூடாது. நாப்பது பேருக்கும் சேத்து நான் ஒருத்தியே நின்னேன், நான் ஒருத்தியே திரும்பினேன். பின் வரிசையில யாரு சிரிக்கிறதுன்னு அதட்டுவாரு. பின் வரிசையும் நான்தான். நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கோம், அவரு சொல்லி நான் கேட்டது அந்த ஒரு மாசந்தான். மொத ரெண்டு நாளு கூச்சமா இருந்துச்சு. அப்புறம் எனக்கே அது புடிச்சுப் போச்சு, ராத்திரி படுக்கறப்பவே விடியாதான்னு இருக்கும். அந்தப் பனிக்குள்ள அவருக்கு நோயே இல்ல. பெத்த புள்ள பேரு ஞாபகம் வராத அன்னிக்குக் கூட சாவ்தான் தப்பாம வந்துச்சு. மூளையில இல்ல போல, நாக்குலயே தங்கிடுச்சு.

ஆனா அந்தக் கடைசி வார்த்த மட்டும் நிக்க மாட்டேன்னுது. எல்லாம் சரியா சொல்லிட்டு, லைன் தோட் வர்ற எடத்துல வாய் தொறந்தபடியே நிப்பாரு. நான் வெறைப்பா நின்னுக்கிட்டே, சொல்லுங்கன்னு பல்லக் கடிப்பேன். சில நாளு வரும், சில நாளு வராது. வராத நாளு நானே சொல்லிட்டுக் கீழ எறங்கிடுவேன்.

ஜனவரி இருவத்தாறு காலையில அவருக்கு வெள்ளச் சட்ட போட்டு, தொப்பிய சரியா சாச்சு வெச்சு, மெடலக் குத்தி விட்டேன். அப்புறம் பால்பாயிண்ட் பேனாவ எடுத்து, இடது உள்ளங்கையில பெருசா லைன் தோட்னு எழுதினேன். கூசுதுன்னு சிரிச்சாரு. பாத்துச் சொல்லிடுங்கன்னேன். ம்னாரு. நான் எவ்ளோ பெரிய புத்திசாலின்னு நெனச்சுக்கிட்டேன்.

சங்கத்து முன்னால பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஒரு பக்கம் நின்னுதுங்க. எதிர்ப் பக்கம் நாங்க பொம்பளைங்க, டீ அண்டாவோட. பட்டாளத்து டீன்னா இஞ்சியும் சக்கரையும் தூக்கலா, நாக்குல ஒட்டற மாதிரி இருக்கும். செயலாளரு மருமக செல்போன்ல வீடியோ எடுக்க நின்னுது. பனி இன்னும் கலையல. கொடிக்கம்பத்து உச்சி கண்ணுக்கே தெரியல. எங்க வீட்டுக்காரரு வரிசைக்கு முன்னால நடந்து போனாரு. அவரு நடைய நான் பாத்து எத்தினி நாளாச்சு. வீட்டுக்குள்ள சொவத்தப் புடிச்சுப் புடிச்சு நடக்கறவரு, அங்க நிமிந்து போய் நடு மத்தியில நின்னாரு.

சாவ்தான்னாரு. நாப்பது பேரு பூட்ஸும் ஒண்ணா விழுந்துச்சு. வரிசைய நேராக்கச் சொன்னாரு, நேரா ஆச்சு. கொடி ஏறுச்சு, பனிக்குள்ள போய் காணாமப் போச்சு, மேல எங்கியோ படபடன்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. புள்ளைங்க ஜனகணமன பாடுச்சுங்க. எல்லாரும் சல்யூட் வெச்சு எறக்கினாங்க. ஒரு எடத்துல கூட அவரு தடுமாறல. இனிமே அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி.

அவரு நின்னாரு. வாய் லேசா தொறந்துச்சு, மூடிக்கிச்சு. கையப் பாருங்க கையப் பாருங்கன்னு மனசுக்குள்ள கத்தினேன். அப்பதான் எனக்கு ஒறைச்சுது. வெறைப்பா நிக்கறப்ப கைய முட்டி மடக்கித்தான் வெச்சிக்கணும். நான் எழுதின வார்த்த அவரு முட்டிக்குள்ள இருக்குது. லைன் தோட் சொல்ற வரைக்கும் அவரு முட்டியத் தொறக்க மாட்டாரு, முட்டியத் தொறக்கற வரைக்கும் லைன் தோட் வராது. பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி ஒருத்திக்கு இது தெரிய வேணாமா? என் புத்தியில இடி விழ.

யாரும் அசையல. பட்டாளத்துக்காரங்களே அப்படித்தான். சொன்னா செய்வாங்க, சொல்லலன்னா நிப்பாங்க. எழுபது, எம்பது வயசுக் கெழவனுங்க, மூட்டு வலி, சக்கர வியாதி, கண்ணு ஆபரேஷன், எல்லாத்தோடவும் நின்னாங்க. ஹைவேல தோலு ஏத்தின லாரி ஒண்ணு தண்ணி சொட்டச் சொட்டப் போச்சு. ஒரு ஆடு ஏரிக்கரையில இருந்து எறங்கி வந்து, ரெண்டு வரிசைக்கும் நடுவுல நிதானமா நடந்து, ஒருத்தரு பூட்ஸ மோந்து பாத்துட்டு, அந்தப் பக்கமா போச்சு. புள்ளைங்க கால் வலிச்சு ஒவ்வொண்ணா மண்ணுல உக்காந்துடுச்சுங்க. பனி எப்ப விலகுச்சுன்னு எனக்குத் தெரியல. திடீர்னு பாக்கறேன், மலை இருக்குது, ஏரித் தண்ணி மினுக்குது, எல்லாரு மேலயும் மஞ்ச வெயிலு விழுது. எவ்ளோ நேரமாச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லத் தெரியாது. தூக்கத்துல வர்ற மாதிரி இருந்துச்சு, நடக்கறதும் நடக்காததும் ஒண்ணா.

வரிசையில எனக்குக் கிட்டக்க நின்னது செயலாளரு. அவரு கன்னத்துல வேர்வை எறங்கறது தெரிஞ்சுது. நெஞ்சுல தையல் போட்ட மனுஷன். அவரு பொண்டாட்டி என் பக்கத்துல நின்னுக்கிட்டு முந்தானைய முறுக்குது, ஆனா வாயத் தொறக்கல. எனக்குத் தாங்கல. அவமானமானாலும் ஆவட்டும்னு, அந்த வார்த்தைய நானே கத்திடலாம்னு மூச்சிழுத்தேன். அப்ப செயலாளரு மூஞ்சியத் திருப்பாம, ஒதடு கூட அசையாம, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாரு.

"வேணாம் பாபி. அவரே சொல்லட்டும். நாங்க நிக்கறோம்."

இழுத்த மூச்சு அப்படியே நின்னுடுச்சு.

இன்னும் கொஞ்ச நேரம் போச்சு. எங்க வீட்டுக்காரரு நாப்பது பேரையும் ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் மெதுவா பாத்தாரு. பயமோ பதட்டமோ அவரு மூஞ்சில இல்ல. வீட்டுக்கு வந்தவங்க நின்னுக்கிட்டே இருந்தா நாம பாப்போம் இல்லியா, அப்படிப் பாத்தாரு. அப்புறம் நல்லா கணீர்னு, அதே கமாண்டு கொரல்ல, தமிழ்ல சொன்னாரு.

"டீ ஆறிப்போவுது. போய்க் குடிங்கப்பா."

அடுத்த நொடி நாப்பது பேரும் ஒண்ணா வலது பக்கம் திரும்பி, பூட்ஸத் தரையில அடிச்சு, சல்யூட் வெச்சு, மூணு அடி நடந்து கலைஞ்சாங்க. பட்டாளத்துப் புஸ்தகத்துல இருக்குற கமாண்டு மாதிரியே அத நெறவேத்தினாங்க. ஒருத்தரு சிரிக்கல. யாருக்காவது சிரிப்பு வந்திருந்தா நான் அண்டாவத் தூக்கி ஊத்தியிருப்பேன்.

கமாண்டு குடுத்தவருக்குத்தான் மொத டீ, அதுவும் அங்க பழக்கம். எங்க வீட்டுக்காரரு நேரா வந்து அந்த மொத கிளாஸ வாங்கினாரு. வாங்கி, குடிக்கல. ரெண்டு கையாலயும் புடிச்சு எங்கிட்ட நீட்டினாரு. நாப்பத்தஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் எனக்கு ஒரு வாய்த் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல. வாங்கிக் குடிச்சேன். எல்லாரும் பாக்கறாங்களேன்னு வெக்கமாவும் இருந்துச்சு, தித்திப்பாவும் இருந்துச்சு.

செயலாளரு ஒரு சேர்ல உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாரு. கிட்டப் போய், உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னாரு. தீபாவளிக்கு முன்னாலயே ஒரு நாளு எங்க வீட்டுக்காரரு இவரு வீட்டு வாசல்ல வந்து நின்னு, எங்க வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டிருக்காரு. இவரு பேசிக்கிட்டே எங்க தெரு முனை வரைக்கும் கூட்டி வந்து விட்டிருக்காரு. அத இவரு யாருகிட்டயும் சொல்லல, விதிப் புஸ்தகத்தையும் தொறக்கல. டிசம்பர்ல வந்தது வேவு பாக்க இல்ல. உஸ்தாதுக்கே முறை இருக்கட்டும், நான் அடுத்த வருஷம் குடுத்துக்கறேன்னு சொல்ல வந்திருக்காரு. நான்தான் சொல்ல விடல. என்ன மன்னிச்சிடுங்கண்ணான்னேன். விடு பாபி, உன் காப்பி நல்லா இருந்துச்சுன்னாரு. அப்பதான் நான் அழுதேன்.

மறுநாளு காலையில செயலாளரு மருமக அனுப்பின வீடியோ என் செல்போனுக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கட்டில்ல உக்காந்து சாயா குடிச்சுக்கிட்டு இருந்தாரு. பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டினேன். மொதல்ல பனி, அப்புறம் எதிர் வெயிலு, ஆளுங்க மூஞ்சி சரியா தெரியல, கொரலு மட்டும் தெளிவா கேட்டுச்சு. அவரு டம்ளரக் கீழ வெச்சிட்டு, செல்லக் கையில வாங்கி, கண்ணுகிட்டக்க வெச்சிப் பாத்தாரு.

யாரு இதுன்னு கேட்டாரு. சங்கத்துலதான், எழுபத்தஞ்சு முடிஞ்சவரு ஒருத்தருன்னேன். கொரலு நல்லா எடுப்பா இருக்குதுன்னாரு. ஆளு நிக்கற நேருக்கு ட்ரைவரா இருக்க மாட்டான், காலாட்படை ஆளா இருப்பான்னாரு. எல்லாரும் நின்ன அந்த நீள நேரத்தையும் கண்ணெடுக்காம பாத்தாரு. டீ குடிக்கச் சொன்ன எடத்துல தலைய ஆட்டிச் சிரிச்சாரு. எனக்கு எப்ப முறை வருதுன்னு கேட்டாரு. வருதுங்க, வர்ற வருஷம்னேன். வேற இன்னா சொல்றது? பல வருஷம் காத்திருந்து குடுத்த கமாண்ட ஒரு ராத்திரில தொலைச்சிட்டு உக்காந்திருக்காரு, தொலைச்சதும் தெரியல. நான் மட்டும் ரெண்டு பேருக்கும் சேத்து வெச்சிக்கணும்.

வீடியோ முடியற எடத்துல, தொப்பி போட்டவரு ரெண்டு கையாலயும் டீ கிளாஸ ஒரு பொம்பளகிட்ட நீட்டறாரு. அவ முதுகுதான் தெரியுது. எங்க வீட்டுக்காரரு செல்ல எங்கிட்டத் திருப்பிக் காட்டினாரு.

"பாரு, மொத டீய பொண்டாட்டிக்குக் குடுக்கறான். அந்தம்மா குடுத்து வச்சவ."

"ஆமாங்க"ன்னேன்.